எட்டில் மூன்று

ஆயிரம் எபிசோடு ஓடும் சீரியலுக்குப் பழகியவள் நான். ஓடிடியில் எட்டே எபிசோடில் முடிகிற கொலைக்கதையைச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். ஒரு காட்சிகூட வீணில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் அதை ஒரே மதியத்தில் முடித்ததாகச் சொன்னதை நம்ப முடியவில்லை.

"அந்தக் கதைல வர்ற தங்கச்சி ஏனுங்க செத்தா?" என்றேன்.

"எந்தத் தங்கச்சி?"

பனியன் கம்பெனியில் அவர் தரம் பார்க்கும் க்யூசி. பெட்டிக்கு மூன்று பீஸ் பிரித்துப் பார்த்து மொத்த லாட்டையும் பாஸ் செய்பவர். இங்கும் ஒன்று, நான்கு, எட்டாம் எபிசோடுகளை மட்டும் பார்த்திருக்கிறார்!

"மூணும் நல்லாத்தான இருந்துச்சு, சித்ரா?"

"சீரியல்ல ஆறு மாசம் உட்டாலும் கதை நவுந்திருக்காதுங்க. இதுல ஒண்ணை உட்டாலும் ஓட்டைங்க."

போன வாரம் அவர் பாஸ் செய்த லாட்டிலிருந்து எனக்கு வாங்கி வந்த டீ-ஷர்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். அக்குளில் தையலே இல்லை.