பன்னிரண்டு நாள் குட்டி

பாலிக் புலாவ் ஊரிலுள்ள குதிரை லாயத்தில் குமுதா ஆறு வருஷமாக வேலை செய்கிறாள். பன்னிரண்டு நாள் பெண் குட்டிக்கு மூச்சு வாங்குவதைத் திங்கட்கிழமை காலை அவள்தான் முதலில் பார்த்தாள். தாயின் மடியில் வாய் வைக்கும். இரண்டு மிடறுக்குள் மூச்சு முட்டி விட்டுவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு புடைத்தது.

லாயத்தின் முதலாளி மெய்யநாதனைக் கூட்டிவந்து காட்டினாள்.

"போன வாரம் வந்த பழுப்புக் குதிரை லாரிய விட்டு இறங்கும்போதே இருமிச்சு. தனியா கட்டுங்கன்னு சொன்னேனே, முதலாளி."

"சனிக்கிழமை குதிரை ஷோவுக்கு அதுவும் வேண்டியிருந்துச்சுலா. அது சும்மா சளி."

"பெரிய குதிரைக்குச் சளி. இந்தப் பிஞ்சு நெஞ்சு தாங்குமா?"

கால்நடை டாக்டர் இஸ்ஸதி வந்து குட்டியின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதனைக்குச் சளி எடுத்தார். குதிரைகளுக்கு வரும் இன்ஃபுளுவென்சா போலிருக்கிறது, நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது என்றார். பிறகு மலாயில் கேட்டார்: "தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தால் பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போயிருக்கும். எப்போது போட்டீர்கள்?"

மெய்யநாதன் கைப்பேசியைப் பார்த்தார்.

"போடவே இல்லை டாக்டர்," என்றாள் குமுதா. "கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது."

படுத்தால் குட்டிக்கு மூச்சு வரவில்லை. இரண்டு நாள் வைக்கோலில் உட்கார்ந்து அதை நெஞ்சோடு சாய்த்து நிமிர்த்திப் பிடித்திருந்தாள். மருந்தும் ஆக்சிஜனும் பலிக்கவில்லை. புதன்கிழமை மதியம் அவள் கைக்குள்ளேயே மூச்சு நின்றது. தாய்க்குதிரை குட்டியை முகர்ந்து முகர்ந்து மூக்கால் தள்ளி எழுப்பிப் பார்த்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மெய்யநாதன் கைப்பேசியை நீட்டினார். குதிரையேற்றம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு செய்தி: பிறவியிலேயே பலவீனமான குட்டி இறந்துவிட்டது, வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும்.

"நீ அனுப்பு. உன்னை அவங்க நம்புவாங்க."

குமுதா கைப்பேசியைத் தள்ளிவிட்டாள்.

"பிறந்து ஒரு மணி நேரத்துல எழுந்து நின்ன குட்டி! செத்ததுக்கப்புறமும் அதுமேலேயே பழி போடுறீங்களே, வெட்கமா இல்ல? அங்க ரெண்டு குதிரை இருமுது. இன்னொண்ணு சினையா நிக்குது. வகுப்பு நடக்குமா?"

"போனது போச்சு. பெருசாக்காதே."

அவள் அவர் கண்முன்னாலேயே வெளிக்கதவைப் பூட்டினாள். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு கால்நடைத் துறைக்குப் போன் போட்டாள்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். சோதனை முடிவும் இன்ஃபுளுவென்சா என்றே வந்தது. எந்தக் குதிரையும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்று லாயத்தை அடைத்தார்கள். சினைக்குதிரையை மறுகோடிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அதற்குத் தடுப்பூசியும் ஏற்பாடாயிற்று.

அவர்கள் போனதும் மெய்யநாதன், "நாளையிலேருந்து நீ வரவேணாம்," என்றார்.

"வருவேன். இருமுற குதிரைங்க குணமாகட்டும், அப்புறம் நானே போறேன்," என்றாள் குமுதா. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.