ஓரம் வெட்டும் திரை

1

இந்தக் கதை ஒரு கடையில் நடந்த சண்டையில் பிறந்தது. சண்டை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. என் மடிக்கணினியின் திரை கோடு கோடாகிவிட்டது. மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது, வெளியே ஒரு திரையை மாட்டினால் போதும். அதை வாங்க நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவர் டிவி என்றார், நான் மானிட்டர் என்றேன். விற்பனையாளரை நடுவில் நிறுத்தி இரண்டு பேரும் அவரிடமே பேசினோம், ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "அந்த மொழிபெயர்ப்பாளரின் கண்களில் மெல்ல மெல்ல இருள்

(வேண்டாம். இருளைக் கண்டாலே எழுத்தாளர்களுக்குக் கை அரிக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: "திரை பெரிதானால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பும் மனிதர்கள் உண்டு."

(காலண்டர் பின்பக்கத்தில் அச்சடிக்கலாம். இதுவும் வேண்டாம்.)

மூன்றாவது: "அவள் மானிட்டர்தான் வேண்டும் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை."

இது இருக்கட்டும்.

2

அவள் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறாள். சலவை இயந்திரம், மிக்ஸி, டிவி என்று எது விற்றாலும் கூடவே ஒரு கையேடு போகுமே, யாருமே படிக்காத அந்தக் கையேடு அவள் எழுதியது. [அவள் யார் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். இருந்தாலும் கொஞ்ச தூரம் "அவள்" என்றே போகிறேன். "நான்" என்று போட்டால் கை ஓடவில்லை.]

அவளுக்குக் கண்ணில் அழுத்தம். பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டு வருகிறது, இடப்பக்கம்தான் அதிகம். "போனது திரும்ப வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாதீங்க, வண்டி ஓட்டாதீங்க" என்றார் கண் டாக்டர். மருந்துப் புட்டி தையல் பெட்டியில் நூல்கண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் விட்டுக்கொள்கிறாள். ஸ்கூட்டரை ஏன் எடுப்பதில்லை என்று கேட்ட கணவரிடம் முட்டி வலி என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

கணவரிடம் ஏன் மறைக்க வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் கதை நிற்கும் அல்லது விழும். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதாவது கோளாறு என்றால் முதலில் "இயங்காது" என்று போர்டு மாட்டுவார், அப்புறம்தான் கதவைத் திறந்து என்னவென்று பார்ப்பார். அவர் தொழிலில் அது சரிதான், நாலு உயிர் தப்பும். ஆனால் அவள் கழுத்திலும் அந்தப் போர்டு விழுந்துவிடும். முதலில் அடுப்படி, அடுத்து தெரு, கடைசியில் வேலை. "நீ உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்று அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்பை நினைத்துத்தான் அவளுக்குக் குலை நடுங்குகிறது.

[கணவர் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு மோசமாகவா நடந்துகொள்வார்? சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.]

3

கடைக்குப் போவோம்.

"எழுத்து வேலைக்கு மானிட்டர்தான் மேடம். டிவில படம் நல்லா இருக்கும், கிட்ட உக்காந்து படிச்சா எழுத்தெல்லாம் பிசிறடிக்கும்" என்றார் விற்பனையாளர்.

"இவ கண்ணாடியைப் போட்டுக்கிட்டும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறா சார். பெருசா இருந்தாத்தானே கண்ணுக்கு நல்லது? நீங்களே சொல்லுங்க."

"இருக்கிற ஹாலுக்கு அவ்வளவு பெருசு எதுக்குன்னு அவர்கிட்ட கேளுங்க."

"மேஜைல வைக்கப் போறதில்லைன்னு சொல்லுங்க. சுவத்துல நானே மாட்டித் தர்றேன்."

பார்வை மங்கினவருக்குப் பெரிய திரை நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். பார்வை குறுகினவருக்கு நேர் எதிர். ஜன்னல் சின்னதாகிவிட்டால் அதற்குள் அடங்குகிற அளவில்தான் பொருள் இருக்க வேண்டும். ஒரு சின்ன மானிட்டர் தலையைத் திருப்பாமலே அவளுக்கு முழுதாகத் தெரிந்தது, கடையிலேயே ஓசைப்படாமல் பார்த்துவிட்டாள். டிவியில் ஒரு வரியைப் படிக்கக் கழுத்து இங்கிருந்து அங்கே போய் வந்தது. இதை எப்படிச் சொல்வது? சின்னதுதான் வேண்டும் என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு உண்மையான காரணம்தான் இருந்தது, அதைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களையும் சொன்னாள்.

கடைசியில் அவர் விற்பனையாளரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு டிவி பாக்கணும்னு இல்லைம்மா. நீ கஷ்டப்படாம படிக்கணும், அவ்வளவுதான்."

டிவி வந்துவிட்டது.

4

(இங்கிருந்து "அவள்" போதும். இனி வரும் பயத்தை இன்னொருத்தி தலையில் கட்ட மனம் வரவில்லை.)

சுவரில் மாட்டிய அன்றே திரையின் ஓரங்கள் எனக்குத் தெரியவில்லை. வரிகளின் முதல் எழுத்து பாதியாக இருந்தது. கீழே கடைசி வரியைக் காணோம். தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. மிச்சமிருந்ததும் போக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்திலிருந்த சுவரும் ஆணியும் தெரிகின்றன, எழுத்து மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? நிதானமாக இருந்தால் யோசித்திருப்பேன். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

அவர் வேலைக்குப் போகும் பகல்களில் இந்தக் கதையை அதே டிவியில் எழுதுகிறேன். பாதி எழுத்துகளை ஊகித்துத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று போட்டால் நன்றாக இருக்கும், ஆனால் அழுகை வரவில்லை. நாளைக்கு டாக்டரிடம் போய்

5

(மேலே அந்த வரியை முடிக்கவில்லை. இனி முடிக்கத் தேவையில்லை.)

இன்று அவருக்கு விடுமுறை. நான் ஒரு கையேட்டு வேலையில் இருந்தேன். எனக்குப் பின்னால் சோஃபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "ஏம்மா, எழுத்தெல்லாம் ஓரத்துல வெட்டிப் போகுதே? இப்படியேவா வேலை பாக்குற?"

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். "உங்களுக்கும் வெட்டித்தான் தெரியுதா?"

சிரித்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்த ஞாபகம் இல்லை. சில டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிக் காட்டும், செட்டிங்கில் போய்ச் சரி செய்துகொள்ளுங்கள் என்று எத்தனை கையேட்டில் நானே எழுதியிருக்கிறேன்! அது டிவியின் கோளாறு, என் கண்ணில் இல்லை. சிரித்து முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவர் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது.

"உங்களுக்கும்னா?"

அவர் ரிமோட்டை எடுத்தார், தேடித் தேடி ஒரு இடத்தில் அழுத்தினார். நாலு மூலையும் வந்துவிட்டன. பிறகு மறுபடி என்னைப் பார்த்தார். என்னால் வாயைத் திறந்து சொல்ல முடியாது என்று தெரிந்துபோயிற்று. இந்தக் கதையைத் திறந்து வைத்தேன்.

நின்றபடியே படித்தார். நான் பக்கத்தை நகர்த்திக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு இடத்தில் "கொஞ்சம் நில்லு" என்றார். எந்த வரி என்று கேட்கவில்லை. முடிக்காத அந்த வாக்கியத்துக்கு வந்ததும், "அப்புறம்?" என்றார்.

அப்புறம் இதுதான், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுகிறேன். இரண்டு முடிவுகள் கையில் இருக்கின்றன.

ஒன்று: அவர் என் தோளில் கை வைக்கிறார், இரண்டு பேரும் அழுகிறோம், மானிட்டர் வாங்கப் போகிறோம். (இப்படி நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

இன்னொன்று: ஒன்றுமே பேசாமல் துணி மடிக்கப் போய்விடுகிறார். நாளைக் காலை ஸ்கூட்டர் சாவி ஆணியில் இல்லை. (இந்த வரியைப் படித்ததும் தொண்டையைக் கனைத்தார்.)

மூன்றாவது எனக்குத் தெரியாது. அவர் என் இடப்பக்கம் நிற்கிறார். மூச்சு கேட்கிறது, ஆள் தெரியவில்லை. தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். திருப்பப் போனேன்.

"திரும்பாத. எழுது" என்கிறார்.

அந்தக் குரலிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும். பார்த்துச் சொல்லுங்கள், அவர் முகம் எப்படி இருக்கிறது?