ஓடைக்கரையில் யார் முதுகு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில். கண்ணைச் சோதிப்பதற்காக மருந்து விட்டு, "கூப்பிடுற வரைக்கும் இங்கயே இருங்கம்மா" என்று உட்கார வைத்திருந்தார்கள். பார்த்ததெல்லாம் மங்கல். பக்கத்துப் பெஞ்சில் தடுப்பூசிக்கு வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி. மடியில் தூங்கிய குழந்தைக்குப் போர்த்திவிட்டது போல ஒரு பெரிய தாளை (பேச்சைக் கேட்டால் மலை வரைபடம்) விரித்து வைத்துக்கொண்டு, அடங்கின குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்து விட்டது கண்ணில்தானே, காதில் இல்லையே. கடைசியாக என் காதில் விழுந்தது இது: "குழந்தை யார் முதுகுல இருக்கோ, அவங்க சொல்றதுதான் முடிவு."

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆகவே கண்ணுகளா, அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, பெயர் தெரியாது, என்ன ஆனது என்றும் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"மலை என்பது வாழ்க்கையைப் போன்றது, அதில் ஏறுகிறவன் எவனோ அவன்—" இதற்குமேல் பேனாவுக்கே வெட்கமாகிவிட்டது. மலை மலையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"அதிகாலைப் பனி புல்வெளியை முத்தமிட—" நாத்தனார் படித்தாள். என் முதல் வாசகி அவள்தான். "நீங்க எந்தக் காலத்துல அதிகாலையில எழுந்திருக்கீங்க அண்ணி?" என்றாள். அடித்துவிட்டேன்.

"கூடத்தில் கால் வைக்க இடமில்லை." இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் அதுதான் பாராட்டு.

3

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கூடாரம், அடுப்பு, கயிறு, தண்ணீர்ப் பை, குட்டிக் குட்டிக் காலுறைகள். நடுவில் அவள் வரைபடத்தின்மேல் குப்புறப் படுத்திருந்தாள். பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடுவது அவள் வேலை, அட்டவணைக்காரி என்போம். புருஷன் பல்செட் செய்கிறவன்; பல்லுக்காரன். எட்டு மாதப் பெண் குழந்தைக்கு வீட்டில் முதலாளி என்று பெயர். வேலை செய்யாது, சம்பளம் கொடுக்காது, எல்லாரையும் ஓட வைக்கும்.

மற்றவர்கள் மலைவழியைத் தூரத்தால் அளப்பார்கள். அட்டவணைக்காரி தூக்கத்தால் அளந்தாள். முதலாளி தூங்கும்போது ஏற்றம், விழித்திருந்தால் சமதளம், பசிக்கிற இடத்தில் நிழல். ஒருவர் முதுகில் முதலாளி. மற்றவர் முதுகில் முதலாளியின் சொத்து. சமதளம் வந்ததும் மாற்றிக்கொள்வது.

"இவ்வளவு டயப்பரா?" என்றான் பல்லுக்காரன்.

"போட்டதையெல்லாம் திரும்பக் கீழ கொண்டாரணும். காட்டுல விடக் கூடாது."

"அப்ப போகப் போக சோறு குறையும், இது ஏறும்."

"அந்தப் பை உங்களுக்குத்தான்."

"கல்யாணத்தப்ப இதை யாரும் சொல்லலியே."*

(*கதையில் டயப்பரைப் பற்றி எழுதலாமா என்று நாத்தனார் கேட்டாள். நிலாவைப் பற்றி எழுதினவர்கள் யாராவது அதை முதுகில் சுமந்து கீழே கொண்டுவந்தார்களா, சொல்லுங்கள்.)

4

பிறகு அவன் சிவப்புப் பென்சிலை நீட்டினான். "திரும்புற இடத்தைக் குறி."

"எதுக்கு?"

"மலை ஏறுறவங்க எல்லாரும் குறிக்கிறதுதான். மேகம் கட்டினா, புள்ளைக்கு ஒத்துக்கலைன்னா, இதுக்கு மேல போறதில்லைன்னு கீழ இருக்கும்போதே பேசி வெச்சுக்கணும். மேல போயிட்டா ஆசைதான் பேசும்."

"குறிச்சா அங்க வந்ததும் நீங்க திரும்பிடுவீங்க."

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓடை. கணவாயைத் தாண்டினால் ஏரி. முன்பு ஒருமுறை ஓடைவரை போனார்கள். அங்கே அவளுக்கு வாந்தி வாந்தியாக வந்தது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பினார்கள். கீழே வந்து டாக்டரிடம் காட்டினால், வயிற்றில் முதலாளி. பிறப்பதற்கு முன்பே முதல் உத்தரவு.

"லீவு முடியப் போகுது," என்றாள் அவள். "அப்புறம் யாரோ போற பஸ்ஸுக்குத்தான் நான் வழி போட்டுக்கிட்டு இருப்பேன். அந்த ஏரியை நான் பாக்கணும். இவளையும் தூக்கிக்கிட்டு."

"நான் செய்யற பல்லு சரியில்லைன்னா திருப்பி அனுப்புவாங்க. இன்னொண்ணு செஞ்சு குடுப்பேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "இவ அப்படியா?"

அவள் ஒரு காலுறையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு பென்சிலை வாங்கி ஓடையில் ஒரு வட்டம் போட்டாள்.

"அங்க வந்து போலாமா வேண்டாமான்னு யார் சொல்றது?"

"குழந்தை யார் முதுகுல இருக்கோ, அவங்க சொல்றதுதான் முடிவு."

"சரி," என்றாள் சட்டென்று. அவள் சட்டென்று சரி சொன்னால் எதிராளி உஷாராக வேண்டும். அவன் உஷாரானான். வரைபடத்தில் வழி நெடுக யார் எங்கே தூக்குவது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.

"ஓடைக்கு வரும்போது உன் முறை வருதே."

"அப்படியா?"

"டிரைவருங்க உன்னைத் திட்டுறது சும்மா இல்லை."

"மாத்தி எழுதவா?"

"வேண்டாம் வேண்டாம். முதலாளி மாத்திடுவா."

5

[இங்கே வேறொரு முடிவு இருந்தது. தூக்குப்பையில் குழந்தை எடைக்கு மாவு மூட்டையைக் கட்டி வீட்டுக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள். கிளம்புகிற அவசரத்தில் மூட்டையையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எழுதும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். நாத்தனார் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூட்டை மட்டும் மிஞ்சியது. பூரி போட்டுவிட்டேன்.]

6

முதலாளி மாற்றிவிட்டது. ஏற்றத்தில் கொட்டக் கொட்ட விழித்திருந்தது, சமதளத்தில் தூங்கியது. தூங்குகிற குழந்தையை இறக்கி மாற்ற யாருக்குத் தைரியம்? முறை தள்ளித் தள்ளிப் போய், ஓடைக்கரைக்கு வந்தபோது குழந்தை அப்பன் முதுகில்.

கணவாய்மேல் மெல்லிய மேகம். வருகிற மேகமா, போகிற மேகமா தெரியவில்லை. குழந்தை ஒரு தும்மல் தும்மியது. சளியா, தூசியா தெரியவில்லை.

அவள் குனிந்து, சரியாகவே இருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அவன் கணவாயைப் பார்த்தான். அவள் குனிந்த தலையைப் பார்த்தான். பிறகு குழந்தையை மெல்ல இறக்கி, துணி விரித்துப் படுக்க வைத்தான். "டயப்பர் மாத்தணும்."

மாற்றினான். மறுபடி தூக்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள்.

"என்னத்தைச் சொல்ல? இப்ப யார் முதுகுலயும் இல்லையே."

"நல்லா தப்பிச்சீங்க."

"நீ தூக்கு. நீயே சொல்லு. நான் பின்னாடியே வரேன்."

இதற்காகத்தானே இத்தனை சூழ்ச்சி. அட்டவணைக்காரியின் கைகள் நீண்டன. குழந்தையின் அக்குளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன.

7

கணவாயைத் தாண்ட வைத்து ஏரியைக் காட்டினேன். "மேகத்துக்குள்ளயா புள்ளையைத் தூக்கிட்டுப் போவா? என்ன பொம்பளை," என்றாள் நாத்தனார். கீழே திருப்பிக் கொண்டுவந்தேன். "இதுக்கா இத்தனை மூட்டை கட்டினா? பாவம்," என்றாள். ஒரே வாய்தான்.

நான் என்ன செய்வேன்? என் முதுகு இப்போது வெந்நீர்ப் பையைத் தவிர வேறெதையும் தாங்காது. பேசிக்கொண்டே நிற்கிறோம், குழந்தையோ ஈரத்தரையில் கிடக்கிறது.

நீங்கள் தூக்குங்கள் கண்ணு. கழுத்து நின்றுவிட்டது, பயப்படாதீர்கள். முதலில் முடியை முடிந்துகொள்ளுங்கள், பிடித்து இழுக்கும். வாரை இறுக்கியாயிற்றா? கனமாக இருக்கிறதா? இருக்கும்.

அவர்கள் இரண்டு பேரும் இப்போது உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.