பாக்கியசீலன் கண்ட புது இனம்

பாளையங்கோட்டையில் பாக்கியசீலன் வாத்தியாருக்கு லத்தீன் பெயர் தெரியாத செடியே கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவரேதான். பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்துகிறவர். கத்தரிக்காய்க் குழம்பு இலையில் விழுந்தால்கூட, "சொலானம் மெலாஞ்சினா" என்று அறிமுகம் செய்துவைத்த பிறகுதான் பிசைவார். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டு நிற்கும் மனைவி தேவமணிக்கு அதிலிருந்து பதில் கிடைக்காது.

ஒரு செடிக்கு இரண்டு சொல்லில் பெயர் வைப்பது சாஸ்திர வழக்கம். முதல் சொல் வம்சத்தைச் சொல்லும். இரண்டாவது, ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மாதிரி, அதற்கே உரியது. புதுச் செடியைக் கண்டுபிடித்தவன் பெயரை அந்த இரண்டாவது இடத்தில் வைப்பதும் உண்டு. ஆனால் தனக்குத்தானே வைத்துக்கொள்வது அழகில்லை, இன்னொருவர் பார்த்து வைக்கவேண்டும். உலகம் அழிகிற மட்டும் ஏதாவது ஒரு செடி தன் பெயரைச் சுமக்கவேண்டும் என்பதுதான் வாத்தியாரின் ஜெபத்தில் முதல் விண்ணப்பம். பிள்ளை வரம் இரண்டாவதாகத்தான் வரும்.

ஜார்ஜ் ராஜாவுக்குப் பட்டாபிஷேகம் நடந்த வருஷம், ஐப்பசி மழையில், தாமிரபரணிக் கரையில் ஒரு கொடி அவர் கண்ணில் பட்டது. மெத்தென்ற பெரிய இலை. கடுகளவு பூ கொத்துக் கொத்தாய். வைத்திருந்த புத்தகம் எதிலும் அது அகப்படவில்லை. உடனே பாடம் பண்ண ஆரம்பித்தார். காகிதத்துக்கு நடுவே செடியை விரித்து, மேலே பாரம் ஏற்றி, ஈரக் காகிதத்தை அடிக்கடி மாற்றிக் காயவைக்கவேண்டும். பாரத்துக்கு அம்மிக்கல் போயிற்று. வீட்டில் துவையல் நின்றது. மழையில் காகிதமெல்லாம் நமுத்துப்போனபோது, டிரங்குப் பெட்டியில் தேவமணியின் கல்யாணப்பட்டு மட்டும் காய்ந்து கிடந்தது. பட்டு ஈரத்தை நன்றாகவே உறிஞ்சியது. கொடியின் சாற்றையும் சேர்த்து உறிஞ்சியது.

தேவமணி கறையைப் பார்த்தாள். வண்டி பிடித்து ராதாபுரத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோபம் ஆறினால் தானே வருவாள் என்று வாத்தியார் வீராப்பாய் இருந்தார். அவள் வரவில்லை. குழைந்த சோற்றைத் தின்று மனுஷர் பாதியானார். கூட வேலை பார்க்கும் தமிழ்ப் பண்டிதர் முத்துசுப்பிரமணியன் பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக, கிறிஸ்துமஸ் லீவில் அவரை வண்டியேற்றி அனுப்பினார்.

மாமனார் வீட்டு ஓடு தெரிகிற தூரம். பனங்காட்டு முள்வேலியில் ஒரு கொடி படர்ந்திருந்தது. சின்னத் தடித்த இலை. பூவோ ஒற்றை ஒற்றையாய். வாத்தியார் வண்டியிலிருந்து குதித்தார். இது வாடுவதற்குள் வீட்டுக்குப் போய்ப் பாடம் பண்ணியாகவேண்டும். பெண்டாட்டி எங்கே போய்விடப் போகிறாள் என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

"வீட்டுக்காரியக் கூட்டிட்டு வாரும்னு அனுப்புனா, கொடியக் கூட்டிட்டு வந்திருக்கீரே வே" என்று பண்டிதர் தலையில் அடித்துக்கொண்டார்.

வாத்தியார் மனசிலோ வேறு கணக்கு. ஆற்றங்கரைக் கொடிக்குத் தன் பெயர், முள்வேலிக் கொடிக்குத் தேவமணியின் பெயர். பட்டுப்புடவைக்கு இதைவிடப் பெரிய ஈடு உண்டா? இரண்டையும் சென்னையிலிருந்த தாவர சாஸ்திரத் துரைக்கு அனுப்பினார். பணிவு ததும்ப எழுதி, துரைக்குச் சிரமம் வேண்டாமென்று இரண்டு பெயரையும் லத்தீனில் தயாராகவே கொடுத்திருந்தார். துரை பதில் எழுதுவதற்கு முன்பே வேதக்கோயிலில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டுவிட்டார். பாதிரி ஐயர் காணிக்கைக்கான காரணத்தைச் சபை முழுக்கக் கேட்க வாசித்தார். ராதாபுரத்துக்கும் சேதி போயிற்று. அங்கிருந்து மூச்சு இல்லை.

துரையின் பதில் மாசியில் வந்தது. ஆற்றங்கரைப் பூவில் மகரந்தம் மட்டும் இருக்கிறது, வேலிப் பூவில் சூல் மட்டும் இருக்கிறது. ஒன்று ஆண், மற்றது பெண். இரண்டும் ஒரே இனம். நிலத்துக்குத் தக்கபடி இலை மாறியிருக்கிறது. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்தாகிவிட்டது.

பாக்கியசீலன் பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவர். ஆண்பனை தனி, பெண்பனை தனி, ஆண்பனை காய்க்காது என்பது அந்தப் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். புருஷனையும் பெண்டாட்டியையும் வேறு வேறு இனம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிய மடையன் சென்னை ராஜதானியிலேயே நான் ஒருத்தன்தான் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது வீடு வெறிச்சென்று இருந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க அவள் இல்லையே என்று அவருக்கு அழுகை வந்தது.

மறுபடி வண்டி பிடித்தார். முள்வேலி வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தேவமணி முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் நின்றபடியே, காணிக்கை போட்ட அவமானம் வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஆண், பெண் என்ற இடம் வந்ததும் அவள் சுளகால் வாயை மறைத்துக்கொண்டாள். உனக்கென்று ஒரு பெயர் வாங்கித் தர முடியாமல் போயிற்றே என்று அவர் முடித்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"செடிக்கு எம் பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கண்ட புல்லு பூண்டையெல்லாம் பேரு சொல்லிக் கூப்பிடுதிய. கல்யாணமாயி இத்தன வருசத்துல என்னைய ஒரு நாளாவது பேரு சொல்லிக் கூப்பிட்டியளா?"

வாத்தியார் யோசித்துப் பார்த்தார். "ஏளா" என்பார். "இங்கன வா" என்பார். சில நாள் வெறும் கனைப்பு. அவர் அப்பாவும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான்.

வாயைத் திறந்தார். எவ்வளவு நீள லத்தீனுக்கும் வளைந்த நாக்கு இதற்கு மக்கர் பண்ணியது. ஒருவழியாக வந்தபோது வகுப்பில் ஆஜர் கூப்பிடுகிற குரலில் வந்துவிட்டது.

"தேவமணி!"

பட்டப்பகலில் எவன் என் மகளைப் பேர் சொல்லிக் கத்துகிறது என்று மாமனார் அருமைநாயகம் கம்போடு ஓடிவந்தார். மாப்பிள்ளையைக் கண்டதும் கம்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

தேவமணி சுளகைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"இங்கனதான இருக்கேன், எதுக்குச் சத்தம் போடுதிய?" என்றாள். "இன்னொரு தடவ பையச் சொல்லுங்க."

அவர் பையச் சொன்னார்.