இரண்டு மணிச் சங்கு

உலகநாதனிடம் எலெக்ட்ரிக் கிதார் இருந்தது. சுருதி பார்க்க ஒன்றும் இல்லை. அதற்கென்ன, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனிச் சங்குக்கா பஞ்சம்? ராத்திரி ஷிப்டில் லேத் ஓட்டிவிட்டுப் பகலில் வீட்டில் கிடப்பவன், இரண்டு மணிச் சங்கு ஊதியதும் கம்பியை முறுக்கி அதோடு சேர்ப்பான். அதே சங்குக்கு அவன் மனைவி வனஜா போல்ட் கம்பெனியிலிருந்து வீடு திரும்புவாள். அவன் எழுதி மெட்டுப்போட்ட ராக் பாட்டுகளை மூன்று வருஷமாக அந்தச் சுருதியில்தான் பாடினாள்.

எண்பத்தெட்டில், முகப்பேர் ஸ்டூடியோ ஒன்றில் அவனுக்கு அரை நாள் கிடைத்தது. கேசட் கம்பெனிக்காரர் சண்முகசுந்தரம் கீபோர்டும் டிரம்மும் முதல்நாளே டேப்பில் ஏற்றி வைத்திருந்தார். வனஜா தனியாக நாலு வரி பாட வேண்டும். அப்புறம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

சேரவில்லை. கீபோர்டில் சுருதி கொடுத்தால் சரியாகத்தான் எடுப்பாள். நாலாவது வரிக்குள் ஒரு மயிரிழை இறங்கிவிடுவாள். டேப் வந்து மோதும்போது காது கூசியது. ஆறு தடவை ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழாவது தடவைதான் உலகநாதனுக்கு உறைத்தது. அவள் இறங்கவில்லை, பழகிய சங்கின் சுருதிக்குப் போகிறாள். தப்பு அவளுடையதில்லை, ஓட்டைச் சங்கை நம்பிக் கம்பி முறுக்கிய தன்னுடையது.

"பாட்டு சோக்கா கீது தம்பி. பொண்ணுதான் ஒட்டல" என்றார் சண்முகசுந்தரம். "வெளில நம்ம பாட்டுக்காரம்மா உக்காந்துகினு கீறாங்க. அவங்க பாடட்டும். இல்லாங்காட்டி டேப்பு வேணாம், கெளம்பு."

சங்கு விஷயத்தைச் சொல்லலாம். சொன்னால் சிரிப்பார்கள், சுருதி தெரியாதவனுக்கு எதுக்கு ஸ்டூடியோ என்பார்கள்.

"சரி சார்" என்றான்.

பஸ்ஸில் வனஜா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாடி பஸ் ஸ்டாப் தாண்டியதும், "தொண்ட கட்டிகிச்சி போல, இல்ல?" என்றாள்.

"ஆமா. கம்பெனித் தூசி."

கேசட் வந்தது, விற்றது. அடுத்த கேசட்டைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையையும் சண்முகசுந்தரம் அவனிடமே விட்டார். பாவம் சும்மா விடுமா? தினம் காலையில் மிளகு தட்டி வெந்நீர் வைத்து வனஜாவுக்கு அவனே ஆற்றிக் கொடுத்தான். அவளும் குடித்தாள். பாடுவதை விட்டுவிட்டாள்.

ஒரு நாள் அவளைக் கூட்டிவர கம்பெனி வாசலில் நின்றான். டீக்கடையில் அவன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வரவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. பாட்டும் சங்கும் ஒன்றையொன்று உரசின. டீ குடித்தவர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. வனஜா மட்டும் நின்றாள். உதட்டுக்குள் தன் நாலு வரியை முனகினாள். அது சங்கோடு அச்சாகப் பொருந்தியது.

சங்கு அடங்கும்வரை அசையாமல் இருந்துவிட்டு அவனிடம் வந்தாள்.

"உனுக்கு அன்னிக்கே தெரியுமா?"

தலையாட்டினான்.

"தெரிஞ்சிகினுதான் எனக்கு வெந்நி வெச்சிக் குடுத்தியா, இத்தினி நாளா?"