துணிக்கொடிக்குப் போகும் வழி

அப்பாவை ஒருக்களித்துப் புரட்டி, நனைந்த விரிப்பை அவர் முதுகுவரை சுருட்டித் தள்ளிவிட்டு, உலர்ந்த விரிப்பின் ஓரத்தை மூத்தவள் மெத்தைக்கடியில் செருகிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"மாப்பிள்ளை வந்தாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

"வானம் எப்படி இருக்கு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மூடிக்கிட்டு வருது."

"மழைக்கு முன்னாடி போட்டாகணும். மழை விழுந்துச்சுன்னா களை பூராவும் முழிச்சுக்கும்."

புல்தரைக்குப் போடும் குருணை மருந்தைத்தான் சொன்னார். ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்கு முன்பு அதைத் தூவிவிடுவார். வளர்ந்து நிற்கிற புல்லை அது ஒன்றும் செய்யாது. மண்ணுக்குள் காத்திருக்கும் களைவிதையை மட்டும் முளைக்கவிடாது.

"நான் போடறேன். ஷெட்லதானே இருக்கு?"

"நீ வேணாம். அவன் வரட்டும்."

"ஏன், எனக்குக் கையில்லையா?"

"உனக்குத் தெரியாது. அவன் வரட்டும்."

அவள் அவரை மறுபக்கம் புரட்டி ஈர விரிப்பை உருவினாள். கொஞ்சம் வேகமாகவே உருவிவிட்டாள். வலித்திருக்குமோ என்று முகத்தைப் பார்த்தாள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர் பார்வை வாசல் பக்கம் இருந்தது.

அவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவராக வேலை பார்த்தவர். வேலைக்காலம் முழுக்க மற்றவர்களுடைய வாசல்களைப் பார்த்து நடந்தவர். ஓய்வுபெற்று இந்த வீட்டுக்கு வந்ததும் முன்னாலும் பின்னாலும் புல் வளர்த்தார். காலையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், அகலமாக, வெளிர்பச்சையாகப் படுத்துக்கிடக்கும் களைப்புல்லை ஒவ்வொன்றாக வேரோடு எடுப்பார். பக்கத்து வீட்டு சலூன்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஐயா, என் கிட்ட வர்றவங்க தலையில இவ்வளவு அக்கறை காட்டியிருந்தா நான் இன்னொரு கடை போட்டிருப்பேன்" என்பார். "உன் தோட்டத்துலேருந்துதான்யா விதை பூரா இங்க பறந்து வருது. முதல்ல அதுக்கு ஒரு ஷேவிங் பண்ணு" என்பார் அப்பா.

முக்காலியைத் தூக்க முடியாமல் போனபோது மூத்தவள் களையெடுக்க உட்கார்ந்தாள். அப்பா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில், "அது புல்லுடி. களை பக்கத்துல இருக்கு" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில், "விடு. உள்ள போய் வேற வேலையைப் பாரு" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு புல்தரை தங்கை புருஷன் கைக்குப் போய்விட்டது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். புல் வெட்டும் மெஷினைத் தள்ளியபடியே மாடிகளுக்கிடையில் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளைச் சொன்னான். "ஒரு அம்மா உள்ளேருந்து கத்துறாங்க மாமா, சீக்கிரம் திறங்கப்பா, அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு. நான் கதவைத் திறக்கறேன், அவங்க கையில பால் பாக்கெட். இப்பத்தான் வாங்கிட்டே வர்றாங்க!" அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு சமையலறைவரை கேட்டது. மூத்தவள் குழாயைத் திருகி மூடிவிட்டுக் கேட்டாள். அவளிடம் அப்பா பேசுவது மாத்திரை, தண்ணீர், போர்வை, விளக்கு என்று ஒற்றை வார்த்தைகளில் முடிந்துவிடும். அவளுக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை என்பதும் உண்மைதான். கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையில் யாரும் எங்கேயும் மாட்டிக்கொள்வதில்லை. அந்த வேலைக்கும் நீண்ட விடுப்பு சொல்லியிருந்தாள். மாலை வகுப்பையும் விட்டாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்காரன் நல்லவனாக இருப்பது சுலபம் என்று தோன்றும். தோன்றிய உடனே, நான் இவ்வளவு சின்ன மனசுக்காரியா என்றும் தோன்றும். இரண்டும் மாறிமாறி வந்துகொண்டிருக்க, பாத்திரம் துலக்கி முடிந்துவிடும்.

போன ஞாயிறு நடந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பின்கதவிலிருந்து துணிக்கொடிவரை புல்லுக்கு நடுவே ஒரு பாதை. யாரும் போட்ட பாதை அல்ல. விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து அவள் நடந்ததில் புல் தேய்ந்து மண்ணாகிப்போன தடம். அதை லிஃப்ட்காரன் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தான். அப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கைகாட்டிக்கொண்டிருந்தார். கொத்தி, சீப்பால் வாரியது போலச் சமப்படுத்தி, நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள்.

"இது என்னப்பா?"

"கோரைக்கிழங்கு எடுத்திருக்கு. மிதிக்காதே."

"அப்ப துணி காயப்போட நான் எப்படிப் போறது?"

"சுத்திப் போ."

"வாளியைத் தூக்கிக்கிட்டா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி" என்றான் லிஃப்ட்காரன். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். அப்பாவும் அவனைப் பார்த்தார். இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றில் இருவர் முகத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாகச் சுற்றிப் போனாள்.

இன்றைக்கும் அப்படித்தான் போனாள். விரிப்பை அலசிப் பிழிந்து, வாளியோடு கயிறு கட்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டு கொடிக்குப் போய், உதறிக் காயப்போட்டு, கவ்வி மாட்டி, மறுபடியும் சுற்றிக்கொண்டு திரும்பினாள். அறைக்குள் வந்தபோது அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. "அப்பா" என்றாள். அந்தக் கையைப் பிடித்தாள். சூடு இருந்தது. இப்போதுதான் போயிருந்தார். இதோ, இப்போதுதான்.

தெருமுனை கிளினிக்கிலிருந்து நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "டாக்டர் சாயங்காலம் வந்து பேப்பர் தருவார்" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். தங்கைக்கு ஃபோன் செய்தாள். மறுமுனையில் அழுகை வெடித்தது. "கிளம்பிட்டோம்க்கா, இதோ கிளம்பிட்டோம். நீ பக்கத்துல இருந்தியா? ஏதாவது சொன்னாரா?"

"உன் வீட்டுக்காரரைத்தான் கேட்டாரு."

"ஐயோ" என்றாள் தங்கை. அந்த ஐயோவில் துக்கத்தோடு ஒரு பெருமையும் கலந்திருந்ததாக மூத்தவளுக்குப் பட்டது. அப்படி நினைக்க வேண்டாம் என்று ஃபோனை வைத்தாள்.

அவர் முகத்தைத் துடைத்தாள். தலைவாரினாள். வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டாள். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். அறையைப் பெருக்கினாள். செய்ய வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது. அவர்கள் வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. வெளியே வானம் கறுத்து, காற்று நின்றிருந்தது.

அவள் எழுந்து ஷெட்டுக்குப் போனாள்.

குருணை மருந்துப் பை மேல் தட்டில் இருந்தது. அதன் முதுகில் அச்சடித்திருந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை படித்தாள். கையுறை அணியவும். சீராகத் தூவவும். புதிதாக விதைத்த இடத்தில் இடக்கூடாது. தூவியபின் தண்ணீர் பாய்ச்சவும். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, கைப்பிடி சுற்றும் சின்ன தூவியில் மருந்தை நிரப்பி, முன்வாசலிலிருந்து தொடங்கினாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம், திரும்பி அடுத்த வரிசை. ஒரு இடமும் விட்டுப்போகவில்லை, ஒரு இடத்திலும் இரண்டு தடவை விழவில்லை. யார் சொன்னது தெரியாதென்று?

பின்பக்கம் வந்தபோது சலூன்காரர் விஷயம் கேள்விப்பட்டு வேலியோரம் ஓடி வந்திருந்தார். துக்கம் விசாரிக்கத் திறந்த வாயோடு அப்படியே நின்றார்.

"என்னம்மா இது, இன்னிக்குப் போயி…"

"மழைக்கு முன்னாடி போடணும்னாரு."

"அதுக்கு நீயா? மாப்பிள்ளை வந்து…"

"ஏன் அண்ணே, நான் அவருக்குப் பொண்ணு இல்லையா?"

அவர் அப்பாவைப் பார்க்க வேலியைச் சுற்றி வாசல் பக்கம் போனார்.

கயிற்றருகே வந்ததும் அவள் நின்றாள். கொத்திய மண் மெத்தென்று, ஒரு சருகுகூட இல்லாமல் கிடந்தது. இந்த இடத்தைத்தானே அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். இதைச் சுற்றிப் போய் வந்த நேரத்தில்தானே அவர் போனார். குச்சிகளிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். தூவியைக் கீழே வைத்துவிட்டு, ஷெட்டிலிருந்து பையை எடுத்து வந்து, அதற்குள் கையை விட்டு அள்ளி, தன் பழைய தடத்தின் நீளத்துக்கும் மிதித்து நடந்தபடி இறைத்தாள். இங்கே மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. மஞ்சள் குருணைகள் கறுப்பு மண்ணில் பளிச்சென்று தெரிந்தன.

கையுறையைக் கழற்றும்போது முதல் துளிகள் விழுந்தன. கொடியில் கிடந்த விரிப்பை எடுத்துக்கொண்டு தடத்தின் வழியாக நேராக உள்ளே ஓடினாள்.

தங்கை வந்ததும் அப்பாவின் மார்பில் விழுந்து அழுதாள். லிஃப்ட்காரன் கட்டில் காலருகே நின்று அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். பெற்ற பிள்ளைகூட இப்படி அழமாட்டான் என்று வந்தவர்களில் யாரோ சொன்னார்கள். மூத்தவளுக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் அவன் பின்பக்கம் போனான். நெடுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தான். சமையலறை வாசலில் நின்றான். செருப்பில் சேறு.

"மருந்து போட்டீங்களா அண்ணி?"

"போட்டேன். காலையில அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும்."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு, "சரி" என்றான். "டீ எத்தனை பேருக்குப் போடணும்? நான் போடறேன், நீங்க உக்காருங்க" என்றான்.

மறுநாள் வண்டி வந்து, எல்லாம் முடிந்து, வீடு காலியானது. நாற்காலிகளை அடுக்கிவிட்டு மூன்று பேரும் பின்கதவருகே உட்கார்ந்திருந்தார்கள். தங்கை, அழுது வீங்கிய கண்ணோடு முற்றத்தைப் பார்த்தபடி, "ஏன்க்கா, அப்பா போட்ட விதை இன்னும் வெளிய வரலையா?" என்றாள்.

"என்ன விதை?"

"கடைசி வரைக்கும் உனக்குச் சொல்லலையா? அதான், இந்த வழியில. எவ்வளவு மிதிச்சாலும் சாகாத புல்லாம். இவரை எங்கெங்கயோ அலைய விட்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு. மழை வந்தா நீ சேத்துல வாளியைத் தூக்கிட்டு வழுக்கி வழுக்கிப் போறியாம். 'அவ நடக்கற இடத்துலதான் நல்ல புல் இருக்கணும்'னு ஃபோன்ல சொன்னாரு. முளைக்கற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எனக்கு மிரட்டல் வேற. முளைக்காமப் போனா நீ சிரிப்பியாம்."

மூத்தவள் கொத்திய மண்ணைப் பார்த்தாள். மஞ்சள் குருணைகள் எதுவும் இப்போது தெரியவில்லை. மழை எல்லாவற்றையும் உள்ளே இறக்கிவிட்டிருந்தது. அந்த மருந்துக்குக் களைவிதை எது, நல்ல விதை எது என்று தெரியாது.

"மழை ரொம்பப் பலமா அடிச்சிருச்சு" என்றான் லிஃப்ட்காரன், அவசரமாக. யாரையும் பார்க்கவில்லை. "விதை எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும். நேத்து பார்த்தேன். ஒண்ணும் நிக்கல."

"அடப்பாவமே" என்றாள் தங்கை.

அவன் மூத்தவளைப் பார்க்காமலேயே எழுந்து போய் முகம் கழுவினான். அவள் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றி என்று ஒன்று வந்திருக்க வேண்டும். வந்தது அது இல்லை. அப்பா அவளுக்காக வைத்திருந்ததும் இத்தனை நாள் அவனிடம்தான் இருந்தது. அது எப்படி அழிந்தது என்பதும் அவனிடம்தான் இருக்கிறது. இனி அதைச் சொல்லாமல் காப்பாற்றப்போகிறவனும் அவன்தான்.

மழைக்காலம் முடிகிறவரை அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மெஷினைத் தள்ளிக்கொடுத்துவிட்டுப் போனான். கதை எதுவும் சொல்லவில்லை. சலூன்காரரின் தோட்டத்தில் களை முழங்கால்வரை எழுந்து நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"ஐயா இருந்து பார்த்திருக்கணும்மா" என்றார் அவர் ஒரு காலையில், வேலியில் கைகளை ஊன்றிக்கொண்டு. "இந்த மாதிரி ஒரு வருஷமும் சுத்தமா இருந்ததே இல்ல. உன் கை ராசி." பிறகு கழுத்தை நீட்டிப் பார்த்தார். "அது மட்டும் ஏன் மொட்டையா கிடக்கு? கயித்தை வேற மறுபடி கட்டி வெச்சிருக்கே. அதான் ஒண்ணும் முளைக்கலையே, நேரா நடந்து போயேன்."

"இருக்கட்டும் அண்ணே" என்றாள் மூத்தவள்.

துவைத்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டு, நான்கு குச்சிகளையும் சுற்றி, வேலியோரமாகவே கொடிக்கு நடந்தாள்.