லிஸ்பனிலிருந்து வார்சாவுக்கு ஒரு லேகிய டப்பா

1

இந்தக் கதை கூத்தாநல்லூர் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கையில் ஓர் அம்மாள் பக்கத்து இளைஞனிடம் கேட்டார்: “லிஸ்பன்லேருந்து வார்சா எவ்வளவு தூரம் தம்பி?”

“பக்கம்தாங்க பெரியம்மா.”

வீட்டுக்கு வந்து தேடினேன். நேர் விமானத்திலேயே நான்கு மணி நேரம். இரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். பையன் பொய் சொல்லியிருக்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்க்கத்தான் எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் கற்பனை.

2

‘லிஸ்பனில் அன்று மழை பிடித்து…’

(நிறுத்திவிட்டேன். திருச்சி விமான நிலைய வாசலைத் தாண்டாதவனுக்கு லிஸ்பன் மழை எதற்கு?)

‘ஆனந்தவல்லிக்கு விசா கிடைக்கவில்லை.’

இது நிற்கும். வார்சாவில் மகள் மாலதிக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். மருமகன் தமிழரசன் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பச்சைக் குழந்தையும் அவளும்தான். “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்று போனில் சொல்லிவிட்டு அழுதாள். ஆனந்தவல்லி நடவு ஆட்களுக்குக் காப்பி கொடுத்த கையோடு பிரசவ லேகியம் கிண்ட உட்கார்ந்தார். சுக்கும் திப்பிலியும் நெய்யில் சுருண்ட வாசம் தெருவைத் தாண்டியது. எதிர்வீட்டு மெஹராஜ் பேகம் வந்து எட்டிப் பார்த்தார்.

“எம் மவன் சித்தீக் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழம லிஸ்பன் போறான். அதுவும் யூரோப்புதானேக்கா? குடுத்தனுப்புங்க.”

ஆனந்தவல்லியின் மனக்கணக்கில் லிஸ்பன் கும்பகோணம் என்றால் வார்சா மயிலாடுதுறை. பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். சித்தீக்கும் பக்கம்தான் என்று தலையாட்டி டப்பாவை வாங்கிக்கொண்டான்.

3

சித்தீக்மேல் எனக்கே சந்தேகம். லிஸ்பன் ஓட்டலொன்றில் பாத்திரம் கழுவுகிறவன். லீவு கேட்டாலே முதலாளி முறைப்பார். இப்படிப்பட்டவன் ஏன் தலையாட்டினான்?

(கூரியரில் போடலாமே என்பீர்கள். போடலாம். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது லேகியம் மட்டும் என்றால்.)

4

வியாழக்கிழமை மாலதி போனில் கத்தினாள்: “ஃப்ளைட்லயே நாலு மணி நேரம்மா! பாவம், அவர்கிட்டயா கேட்ட?”

ஆனந்தவல்லி செருப்பில்லாமல் தெருவைக் கடந்தார்.

“டப்பாவக் குடுத்துடு தம்பி. நாலு மணி நேரமாமே!”

“மன்னார்குடி பஸ்ஸுக்கு நிக்கிற நேரம்தானே பெரியம்மா.”

“கிண்டலாடா படவா? பக்கம்னு சொன்னியே!”

“இங்கேருந்து பாத்தா பக்கம்தாங்க.”

மெஹராஜ் பேகம் நடுவில் வந்தார். “பெட்டிக்குக் கயிறு போட்டாச்சுக்கா. கட்டின பெட்டியப் பிரிக்கறதாவது!”

கயிறு அவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. ஆனந்தவல்லி அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை மற்ற இருவரும் பார்த்தார்கள். ஆனந்தவல்லி குனிந்து கயிற்றை எடுத்து, ஒரு முனையைச் சித்தீக்கிடம் நீட்டினார்.

“இறுக்கிப் புடி. வழியில அவுந்துறப் போவுது.”

தாயும் மகனும் சொன்ன இரண்டு பொய்களையும் இறைவன் எந்தக் கணக்கில் வைப்பான் என்று எனக்குத் தெரியாது. பாவக் கணக்கில் வைக்கமாட்டான் என்று நம்புகிறேன்.

5

ஒரு முடிவில், சித்தீக் லீவு வாங்கி விமானம் ஏறுகிறான். மாலதி கதவைத் திறக்கிறாள். “கூத்தாநல்லூர்லேருந்து வரேங்க” என்று…

அழகுதான். ஆனால் முதலாளி லீவு தரவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றுவிட்டார். லேகியமோ இப்போது சாப்பிட வேண்டியது. இன்னொரு முடிவில் கூரியர்காரர் டப்பாவை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே, டப்பா இன்னும் லிஸ்பனில் சித்தீக்கின் கட்டில் தலைமாட்டில் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போகிறீர்களா? ஒரு கிலோகூட இருக்காது. வார்சாவில் கொடுத்துவிட்டு, குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள்; அவள் குளித்துவிட்டு வரட்டும்.

எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள் என்று மாலதி கேட்பாள். என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.